ஒடிக்காமல் விட்ட கிழங்கு

தம்பிக்குப் பெண் பார்க்கத்தான் நான் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினேன். ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான் ஆசிரியை. தம்பி நடராசன் ரயில்வேயில் சரக்குக் குமாஸ்தா. அப்பா புதுக்கோட்டைச் சீமையிலிருந்து போனவர். நாங்கள் மலாயாவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டதால், "நீ பார்த்துச் சரின்னா சரி அக்கா" என்று தம்பி பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டான். அவன் போட்டோவைப் பெட்டியில் வைத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். கணவனை இழந்தவள் கடல் தாண்டித் தனியாகப் போவதாவது என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்களில் ஒருவரும் கூட வர முன்வரவில்லை என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாகப்பட்டினத்தில் இறங்கியபோது தை மாதம். ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் என் முன்னால் முதலில் நீட்டப்பட்ட தின்பண்டம் ஒரு கிழங்கு. சாண் நீளத்துக்குக் கூர்மையாக, மஞ்சளும் பழுப்புமாக, கட்டுக் கட்டாக விற்றுக்கொண்டிருந்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் ஒன்றை உரித்து, நடுவிலிருந்த தண்டை உருவிப் போட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

"பனங்கெழங்கு. சாப்பிடுங்க, மலச்சிக்கலே வராது" என்றார்.

முதல் சந்திப்பிலேயே என் குடலைப் பற்றி இவ்வளவு அக்கறை காட்டியவரிடம் எப்படி மறுப்பது என்று தெரியவில்லை. "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று பொய் சொன்னேன். ஆனால் எதையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியாது. பனங்கொட்டைகளை மணலில் நெருக்கமாகப் பரப்பி மூடிவிடுவார்களாம். முளை மேலே வராமல் கீழே இறங்கிக் கிழங்காகுமாம். மரமாவதற்குள் தோண்டி எடுத்துவிட வேண்டுமாம். "விட்டா மரம், எடுத்தா கெழங்கு" என்று அந்த அம்மாள் நாலே வார்த்தையில் பாடத்தை முடித்தார். வகுப்பில் நான் இதற்கு ஒரு மணி நேரம் எடுத்திருப்பேன்.

நான் ஏன் சாப்பிடவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலம் முழுவதும் எங்களுக்குச் சோறு கிழங்குதான். மரவள்ளிக்கிழங்கு. காலையில் அவித்தது, மத்தியானம் மாவாக்கிக் களி, சாயங்காலம் அதே மாவில் ரொட்டி. அரிசி கண்ணில் பட்டால் அன்று தீபாவளி. சண்டை முடிந்து அரிசி வந்த அன்று என் அம்மா கொல்லையில் இருந்த மரவள்ளிச் செடிகளையெல்லாம் பிடுங்கித் தெருவில் எறிந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு அடுப்பில் எந்தக் கிழங்கும் ஏறியதில்லை. உருளைக்கிழங்கைக்கூட நாங்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்போம்.

இப்படிப்பட்டவள் தை மாதத்தில் புதுக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தால் எப்படி இருக்கும்? மறுநாள் கடைவீதிக்குப் போனேன். என்னை அழைத்துப் போனவர் வேலாயுதச் சித்தப்பா. அப்பாவுக்குத் தம்பி முறை. அரண்மனை ஸ்டோரில் வேலை பார்த்தவர். சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள் ஆகியும் அவர் மனசு இன்னும் அங்கேதான் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தது. தெருவெல்லாம் கோடு கிழித்த மாதிரி நேராக இருப்பதை எனக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார். நான் தெருவைப் பார்க்கவில்லை. தெருவோரம் கொட்டிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேனைக்கிழங்கு ஒவ்வொன்றும் ஒரு கைப்பிள்ளை கனம் இருக்கும். பக்கத்தில் கருணை, முடி முளைத்த சேப்பங்கிழங்கு, மண் அப்பிய சிறுகிழங்கு, வெள்ளையிலும் சிவப்பிலும் சீனிக்கிழங்கு என்கிற சர்க்கரைவள்ளி. எங்கள் ஊரில் பஞ்சத்துக்குச் சாப்பிட்டதை இங்கே பண்டிகைக்குச் சாப்பிடுகிறார்கள். பொங்கலன்று புதுக் கிழங்கு இல்லாமல் குழம்பு வைத்தால் அது பொங்கலே இல்லையாம். எனக்கு இது விளங்கவே இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட வேண்டியவள், கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

சேனை விற்றவர் ஒரு ராவுத்தர். "அரிக்குமா?" என்று கேட்டேன்.

"கெழங்கு அரிக்காதுங்க. சமைக்கிறவுகளுக்குப் பொறுமை இல்லைன்னாத்தான் அரிக்கும்" என்றார்.

"எனக்குப் பொறுமை கிடையாது."

"அப்ப சீனிக்கெழங்கு வாங்கிக்கங்க. அது யாரையும் ஒண்ணும் செய்யாது."

சித்தப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீடு வரும்வரை வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அடுத்த நாள் திருவரங்குளம். அப்பா பிறந்த ஊர் அதற்குப் பக்கம். சிவன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது, சற்றுத் தள்ளி ஒரு தோட்டத்தில் பெண்கள் குனிந்து வரிசையாக ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். சித்தப்பா பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். நான் வரப்பில் இறங்கிவிட்டேன்.

பிந்தி நட்ட சீனிக்கிழங்குத் தோட்டம் அது. தரையில் படர்ந்திருந்த கொடிகளை அவர்கள் கையால் தூக்கி, மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு போனார்கள். எதற்கு என்று கேட்டேன்.

"கொடி போற எடத்துலயெல்லாம் வேர் விட்ருமுங்க" என்றாள் ஒருத்தி நிமிராமலே. "அப்படி விட்டா அடியில கெழங்கு பெருக்காது. அதான் தூக்கித் தூக்கிப் போடுறோம்."

"நீங்க எந்த ஊரு?" என்றாள் இன்னொருத்தி.

"மலாயா. எங்க அப்பா இந்த ஊர்ப்பக்கம்தான்."

"அப்ப நீங்க போன எடத்துல வேர் விட்ட கொடி" என்று அவள் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அதற்குள் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. சித்தப்பா ஓட, நான் ஓட, செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொள்ள, கண்டக்டர் இறங்கி வந்து அதைப் பிடுங்கிக் கொடுத்தார். மலாயாவில் எந்தக் கண்டக்டரும் எனக்குச் செருப்பு எடுத்துக் கொடுத்ததில்லை.

பெண் வீடு கறம்பக்குடிக்குத் தெற்கே ஒரு சிறிய ஊரில் இருந்தது. சித்தப்பாவின் சிநேகிதர் மூலம் வந்த சம்பந்தம். பெண்ணின் அப்பா கருப்பையா, அம்மா அழகம்மாள், பெண் மீனாட்சி. ஒரே மகள். முன்பு ஒரு இடம் வந்து, பேச்செல்லாம் நடந்து, கடைசியில் காரணம் சொல்லாமல் நின்றுபோனதாம். அதைக் கருப்பையாவே சித்தப்பாவிடம் மறைக்காமல் சொல்லியனுப்பியிருந்தார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

நாங்கள் உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும், பஜ்ஜி சொஜ்ஜி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கருப்பையா எழுந்து, "கொல்லைக்கு வாங்க" என்றார். அக்கம்பக்கத்திலிருந்து நாலைந்து பேரும் கூட வந்தார்கள். கொல்லை முழுக்க மரவள்ளி. என் உயரத்துக்கு மேல் வளர்ந்து, விரித்த கை மாதிரி இலை விட்டு நின்றது.

"எந்தச் செடின்னு நீங்களே காட்டுங்க. அடியில என்ன இருக்குன்னு எங்களுக்கும் தெரியாது" என்றார் கருப்பையா.

ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு அருகில் இருந்த ஒன்றைக் காட்டினேன். அவர் அரிவாளால் தண்டை முழங்கால் உயரத்தில் வெட்டினார். மீனாட்சி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, நின்ற கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, முன்னும் பின்னுமாக அசைத்தாள். அப்பாவும் ஒரு கை கொடுத்தார். மண் வெடித்துக் கிழங்குக் கொத்து மேலே வந்தது. ஒன்றுகூட முறியவில்லை. சுற்றி நின்றவர்கள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வெட்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்பாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவள் கையில் மண்ணோடு என் எதிரே நின்றாள்.

"அங்க மண்ணு என்ன நெறம்?" என்று கேட்டாள்.

"சிவப்பு. இங்கே மாதிரிதான். ஆனா எப்பவும் ஈரமா இருக்கும்."

"அப்ப எதுவும் வெளையும்" என்றாள். மலாயாவிலிருந்து வந்த என்னிடம் எல்லோரும் சம்பளத்தையும் சீமைத் துணியையும் பற்றித்தான் கேட்டிருந்தார்கள். மண்ணைப் பற்றிக் கேட்டவள் இவள் ஒருத்திதான். அங்கேயே என் மனசு முடிவு செய்துவிட்டது.

பிறகு இலை போட்டார்கள். என் இலையில் வேறு எதுவும் வைக்காமல், மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த கிழங்குத் துண்டு ஒன்றை மட்டும் வைத்தார் அழகம்மாள். மீனாட்சி ஒரு வெண்கலத் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். கூடத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். ஆவியோடு அந்த வாசனை என் முகத்தில் அடித்தது.

எனக்கு ஒரு தங்கை இருந்தாள். ருக்மணி. ஜப்பான்காரன் காலத்தின் கடைசி வருஷத்தில் கால் வீங்கி, முகம் வீங்கிப் படுத்தாள். சோறு கேட்பாள். எங்களிடம் கிழங்குதான் இருந்தது. மசித்து, சர்க்கரை கிடைத்தால் கலந்து வாயருகே கொண்டு போவேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். அவள் போன அன்றும் அடுப்பில் அதுதான் வெந்துகொண்டிருந்தது. அந்த வாசனையில் எனக்கு அவள் முதுகு ஞாபகம் வரும், வேறு எதுவும் வராது.

இதையெல்லாம் பெண் பார்க்கப் போன வீட்டில் சொல்ல முடியுமா? நான் விரல் நுனியால் அந்தத் துண்டை இலையோரத்துக்கு ஒதுக்கிவிட்டு, "மற்றதைப் பரிமாறுங்கம்மா" என்றேன், மிகவும் மரியாதையாக.

பரிமாறினார்கள். சாம்பார், கத்திரிக்காய்க் கூட்டு, அப்பளம், பாயசம். குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் ஒவ்வொன்றையும் வாயாரப் புகழ்ந்தேன். யாரும் பதில் பேசவில்லை. அடக்கமான குடும்பம் என்று எடுத்துக்கொண்டேன். மீனாட்சி காலித் தட்டோடு உள்ளே போனவள் திரும்ப வரவில்லை. அவள் வெட்கம் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது என்று நினைத்தேன். படித்தவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் கிடைத்துவிடுகிறது.

"நல்ல எடம். நாளு பாத்துச் சொல்லியனுப்புவோம்" என்று திரும்பும் வழியில் சித்தப்பா சொன்னார். சரி என்றேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் ஜெகதாப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். ஈப்போவில் எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் பாய், அங்கே இருக்கும் தன் அக்காவுக்கு ஒரு துணி மூட்டையைக் கொடுத்தனுப்பியிருந்தார். சித்தப்பாவுக்கு முழங்கால் வலி, நான் மட்டும் போனேன். ஆலங்குடியில் இரண்டு பெண்கள் ஏறினார்கள். ஒருத்தி கறம்பக்குடிப் பக்கத்துக் குடியானவப் பெண். இன்னொருத்தி ஜெகதாப்பட்டினத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் அம்மாள். முன்பின் தெரியாதவர்கள், பஸ் அரை மைல் போவதற்குள் அக்கா தங்கை ஆகிவிட்டார்கள்.

கீரமங்கலம் தாண்டியதும் பஸ் இருமியது, குலுங்கியது, நின்றது. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டார். அது கெட்ட சகுனம் என்று அனுபவசாலிகள் மூட்டை முடிச்சோடு இறங்கி மரத்தடியில் உட்கார்ந்தார்கள். நானும் அந்த இரண்டு பெண்களுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

"எங்கூருக்குப் பக்கத்துல ஒரு கூத்து நடந்துச்சு" என்று குடியானவப் பெண் ஆரம்பித்தாள். "மலாயாவுலேருந்து பொண்ணு கேக்க ஒரு அம்மா வந்துச்சாம். செடிய அதுவே காட்டுச்சாம். கெழங்கும் முழுசா வந்துச்சாம். எலையில வச்சா, ஒடிக்காம ஓரமா ஒதுக்கிருச்சாம்."

"அப்படின்னா?" என்றார் முஸ்லிம் அம்மாள்.

"பொண்ணு வேணாம்னு அர்த்தம். எங்க பக்கம் நாலஞ்சு ஊர்ல இதான் வழக்கம். நெல்லு நின்னா கண்ணுக்குத் தெரியும். கெழங்கு மண்ணுக்குள்ள என்னமா இருக்குன்னு யாருக்கும் தெரியாது. ஒங்க முன்னாடியே பிடுங்குறோம், நல்லதோ சொத்தையோ பாத்துக்கங்க, எங்க வீட்டுல மூடி வச்சது ஒண்ணுமில்லைன்னு காட்டுறது. கேக்க வந்தவுக அத ஒடிச்சுத் தான் பாதி தின்னுட்டு, பொண்ணு தட்டுல பாதி போடணும். பொண்ணும் தின்னுட்டா முடிஞ்சுது. வேணாம்னா வாயால சொல்லிட்டுப் போறது. எலையில ஒதுக்குறது செருப்பால அடிக்கிற மாதிரி."

என் காதெல்லாம் சுட்டது. "ஏம்மா, வழக்கம் தெரியாம ஒதுக்கியிருந்தா?" என்று பின்னாலிருந்து கேட்டேன்.

அவள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்பன் இந்தச் சீமைக்காரனாம். தெரியாம இருக்குமா? அதுவும் மத்ததெல்லாம் வாங்கி வாங்கித் தின்னுட்டு, பாயசம் நல்லா இருக்குன்னுச்சாம்."

"பாயசம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

அவர்களுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு குடியானவப் பெண்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அந்தப் பொண்ணுக்கு இது ரெண்டாவது தடவ. இனிமே யாரு கேட்டு வருவா? ரெண்டாந்தாரமா ஒருத்தரு, நாலு பிள்ளைக்காரரு, முன்னாடியே கேட்டுக்கிட்டிருந்தாரு. அப்ப வேணாம்னாக. நாளைக்கு வரச் சொல்லி இன்னைக்கு ஆள் போயிருக்கு. அழகம்மா நேத்துலேருந்து அடுப்புப் பத்த வைக்கல."

எங்கேயோ ஒரு மூலையில் இருக்கும் ஊருக்கு விருந்தாளியாகப் போய், வயிறாரச் சாப்பிட்டு, ஒரு பெண்ணின் தலையெழுத்தைக் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதைப் புகழ்ந்துகொண்டே செய்திருக்கிறேன்.

"இங்கேயிருந்து கறம்பக்குடிக்கு எப்படிப் போறது?"

"மூட்டைய எங்கிட்ட குடுங்க. எங்க தெருதான். அந்தம்மா கையில சேத்துர்றேன்" என்றார் முஸ்லிம் அம்மாள், நான் கேட்பதற்கு முன்பே. குடியானவப் பெண் ரோட்டின் நடுவில் போய் நின்றுகொண்டு எதிரே வந்த லாரியை மறித்தாள். அது கடற்கரையிலிருந்து கறம்பக்குடிச் சந்தைக்குக் கருவாடு ஏற்றிப் போகும் லாரி.

டிரைவர் பக்கத்தில் ஏற்கெனவே ஆள் இருந்ததால் பின்னால் ஏறினேன். சாக்குகளின் மேல் உட்கார்ந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் அந்த ரோட்டில் போனதை என் மாணவர்கள் பார்த்திருந்தால் இந்த ஜென்மத்தில் எனக்குப் பயந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் திருக்கை வால் ஒன்று என் முதுகில் குத்தியது. வழியில் ஒரு செக்கிங்கில் நிறுத்திய போலீஸ்காரர் என்னைப் பார்த்துவிட்டு, ஏதும் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்து கையை ஆட்டி அனுப்பிவிட்டார்.

அந்த வீட்டு வாசலில் போய் நின்றபோது வெயில் தாழ்ந்திருந்தது. என்மேல் கருவாட்டு வாசனை வீசியது. கருப்பையா வாசலில் மாடு அவிழ்த்துவிட்ட வண்டியின் மேல் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கயிற்றை முறுக்கினார். அழகம்மாள் நடையில் நின்றார். வாங்க என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று சொல்லாமல் பார்த்துக்கொண்டு நிற்பது அந்த ஊரில் எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கும் தெரியும். நானாகவே உள்ளே நடந்து, கொல்லைக்குப் போனேன்.

மீனாட்சி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முந்தின நாள் வெட்டிய மரவள்ளித் தண்டைச் சாண் சாணாக நறுக்கிக்கொண்டிருந்தாள். பிடுங்கிய இடத்திலேயே மறுபடி நடுவதற்கு. நான் எதிரே மண்ணில் உட்கார்ந்தேன்.

"எனக்கு உங்க வழக்கம் தெரியாது" என்றேன். "தெரிஞ்சிருந்தாலும் நேத்து என்னால தின்னிருக்க முடியுமான்னு சொல்ல முடியல." பிறகு ருக்மணியைப் பற்றிச் சொன்னேன். யாரிடமும் நான் அதை முழுசாகச் சொன்னதில்லை. தம்பியும் நானும் பேசிக்கொண்டதுகூட இல்லை. சொல்லும்போது அழுதேன். அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. ஆனால் கை மெதுவாகப் போயிற்று.

"என்னயப் பிடிக்கலைன்னு நெனச்சேன்" என்றாள்.

"மண்ணைப் பத்திக் கேட்டியே, அப்பவே எனக்கு உன்னைப் பிடிச்சுப் போச்சு. இன்னொரு செடியைப் பிடுங்கு. இப்பவே ஒடிக்கிறேன்."

"அது ஆகாது. ஒருத்தர் கேட்டு வந்தா ஒரு செடிதான். ரெண்டாவது பிடுங்கினா, மொதல்ல காட்டினது சொத்தைன்னு ஆயிரும்."

நான் காட்டிய செடியின் கிழங்குகளை என்ன செய்தாய் என்று கேட்டேன். மரவள்ளியைப் பிடுங்கிப் போட்டால் மறுநாளே உள்ளே கறுப்போடிவிடும் என்பது எங்களைவிட யாருக்குத் தெரியும்? மாட்டுக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

அவள் எழுந்து வாழையடிக்குப் போனாள். தண்ணீர் பாயும் இடத்தில் மணலைக் கையால் விலக்கினாள். உள்ளே ஈர மணலில் கிழங்குகள் அப்படியே பத்திரமாக இருந்தன.

"நீங்க வருவீங்கன்னு இல்ல" என்றாள் என் முகத்தைப் பார்க்காமல். "நல்ல கெழங்கு. வீணாப் போகக் கூடாதுன்னு பொதச்சு வச்சேன்."

ஒன்றை எடுத்துக் கத்தியால் முனையைச் சீவினாள். பால் வெள்ளையாக இருந்தது. கொல்லைக் கதவருகே அழகம்மாள் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. மகள் கையிலிருந்து கிழங்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் அடுப்பு புகைந்தது.

கருப்பையா கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வந்தார். "நேத்து இருந்தவுகள எல்லாம் கூப்பிட்டு வாரேன். ஒதுக்கினத நாலு பேரு பாத்தாக. ஒடிக்கிறதையும் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

கூடத்தில் மறுபடியும் இலை. மறுபடியும் அதே வாசனை. முந்தின நாள் பார்த்த முகங்கள் எல்லாம் இருந்தன, அன்று வராத சிலரும் சேர்ந்திருந்தார்கள். மீனாட்சி தட்டோடு வந்து நின்றாள். நான் கிழங்கை எடுத்தேன். சூடு விரலில் ஏறியது. ஒடித்தேன். ஒரு பாதியைத் தட்டில் போட்டேன், ஒரு பாதியை வாயில் வைத்தேன்.

சுவையாக இருந்தது என்று எழுத ஆசைதான். எனக்குப் பிடிக்கவில்லை. நார், மாவு, அந்தப் பழைய மண் வாசனை. கண்ணில் நீர் வழிய வழிய மென்று விழுங்கினேன். யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அதற்கு நான் இன்றும் அவர்களுக்கு நன்றி சொல்கிறேன்.

ஆனால் மீனாட்சி சாப்பிடவில்லை. தட்டைப் பிடித்தபடியே நின்றாள். அவள் சாப்பிடாமல் விட்டால் அதற்கும் ஒரு அர்த்தம் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஒங்க தம்பி கெழங்கு சாப்பிடுவாரா?" என்று கேட்டாள்.

சாப்பிடுவான் என்று சொல்லியிருக்கலாம். நாலு பேர் முன்னால் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அது ஒரு வார்த்தைதான். ஆனால் இந்த வீட்டில் எல்லாவற்றையும் என் கண்முன்னால்தான் பிடுங்கிக் காட்டினார்கள்.

"மாட்டான்" என்றேன். "தங்கச்சி சாகும்போது அவன்தான் அவ தலைய மடியில வச்சிருந்தான். யார் வீட்டுலயாவது கிழங்கு அவிச்சா எழுந்து வெளியில போயிடுவான். நீ அங்க வந்தாலும் அவன் மாறுவான்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது."

அழகம்மாள் மகளைப் பார்த்தார். கருப்பையா தரையைப் பார்த்தார்.

"அவரு சாப்பிட வேணாம்" என்றாள் மீனாட்சி. "நான் சாப்பிடறப்ப எந்திரிச்சுப் போகாம பக்கத்துல உக்காந்திருந்தாப் போதும்."

சொல்லிவிட்டுத் தட்டிலிருந்த பாதியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.